மேசைமேல் மடங்காத விரல்

கள்ளக்குறிச்சியில் அந்தத் தனியார் மருத்துவமனையின் முதல் மாடியில் இருந்தவர்களிலேயே ஆரோக்கியமானவள் என் மகள் வினோதினிதான். நோயாளியும் அவள்தான். துணைக்கு உட்கார்ந்திருந்த எனக்கு ரத்த அழுத்தம், என் மனைவி மலருக்குச் சர்க்கரை. ஒருநாள் காலையில் புதிதாகப் பணிக்கு வந்த நர்சம்மா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து, "நீங்க ஏன் எழுந்து உக்காந்தீங்க, படுங்க" என்றார். "நான் இல்லம்மா, அதோ" என்று கட்டிலில் சம்மணமிட்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவளைக் காட்டினேன். அவர் நம்பவில்லை.

பரிசோதனைகளை எல்லாம் வெளிநோயாளியாகவே செய்திருக்கலாம். ஆனால் உள்ளே சேர்ந்து படுத்தால்தான் காப்பீடு செல்லும் என்றார்கள். அதனால் நல்ல உடம்போடு ஒருத்தி படுத்திருந்தாள். இந்த நாட்டில் இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது?

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. கையை நம்பிப் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வீணை வாசிக்கிறவர், தையல் வேலை செய்கிறவர், நாளெல்லாம் எழுதுகிறவர் யாருக்கும் இது வரலாம். வந்தால் எங்களைப் போல அலையக் கூடாது.

வினோ பியானோ வாசிப்பவள். மேற்கத்திய செவ்வியல் இசை. அவள் சின்னவளாக இருக்கும்போது எனக்குக் கல்வராயன் மலைக்கு மாற்றல் போட்டார்கள். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அங்கே கன்னியாஸ்திரீகள் நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளியில் அவளைச் சேர்த்தோம். பிரார்த்தனைக் கூடத்தில் ஒரு பழைய பியானோ இருந்தது. அதில் உட்கார்ந்தவளை எங்களால் எழுப்ப முடியவில்லை. சென்னை, பிறகு உதவித்தொகையில் ஜெர்மனி என்று போய்விட்டாள். அங்கேயே கச்சேரி செய்கிறாள். எங்கள் உறவில் இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு தனிக்கதை. மலரின் தம்பி ஏழுமலை வடக்கனந்தலில் கரும்பு போடுகிறவன். "பாப்பா ஜெர்மனியில ஆர்மோனியம் வாசிக்குது" என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

வெளியிலிருந்து பார்க்கப் பெரிய வாழ்க்கை. உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு பெட்டியும் ஒரு ரயில் டிக்கெட்டும்தான். வாரத்தில் பாதி நாள் வீட்டு வாடகைக்காகக் குழந்தைகளுக்குப் பாடம் எடுப்பாள். மீதி நாள் ஊர் ஊராகப் போய் சின்னச் சின்ன அரங்குகளில் வாசிப்பாள். சாப்பிட மறந்து பயிற்சி செய்வாள். இந்த டிசம்பரில்தான் முதன்முறையாக ஒரு பெரிய இசைக்குழுவோடு, நடுவில் தனியாக உட்கார்ந்து வாசிப்பதாக இருந்தாள். இருபது வருஷமாக அவள் ஏறிய படியெல்லாம் அந்த நாற்காலிக்குத்தான்.

அதற்கு முன்னால் ஓய்வெடுக்கிறேன் என்று ஊருக்கு வந்தாள். எப்போது வந்தாலும் மறுநாளே மலைக்குப் போய்ப் பள்ளிக்கூடத்துப் பியானோவைத் தொட்டுவிட்டு வருகிறவள், இந்தத் தடவை போகவில்லை. மலர்தான் கேட்டாள். வினோ வலது கையை நீட்டிக் காட்டினாள்.

"மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கிக்குதும்மா."

"எப்ப?"

"வாசிக்கும்போது."

"மத்த நேரம்?"

"ஒன்னுமில்ல."

எனக்குப் பக்கவாதம் என்றுதான் ஓடியது மனசு. என் அப்பா அப்படித்தான் விழுந்தார். அன்றைக்கே மருத்துவமனை.

பரிசோதனைகளைச் சொல்கிறேன். முதலில் மூளைக்கும் கழுத்துக்கும் ஸ்கேன். பெரிய உருளைக்குள் அசையாமல் படுக்க வேண்டும். கதவை யாரோ சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் வரும், வலி கிடையாது. மூளையில் அடைப்பு இல்லை, கழுத்தில் நரம்பு நசுங்கவில்லை. அடுத்தது நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பது. மணிக்கட்டிலும் முழங்கையிலும் சின்னதாக ஷாக் கொடுப்பார்கள், விரல் துள்ளும். அதுவும் சரி. கடைசியாக மெல்லிய ஊசியைத் தசைக்குள் விட்டு அதன் மின்னோட்டத்தைக் கேட்பது. எண்ணெயில் கடுகு பொரிவது போல ஒரு சத்தம் வந்தது. அதுவும் சரிதான். எல்லாம் சரி, எல்லாம் சரி என்று தாள் வரவர எனக்குப் பயம்தான் கூடியது. இல்லாத நோய்க்கு யார் மருந்து கொடுப்பார்கள்?

இதற்கிடையில் பார்வையாளர்கள். ஏழுமலை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து கட்டிலைச் சுற்றிப் பார்த்தான்.

"இன்னா மாமா, பாப்பா நல்லாதானே குந்திக்கினு கீது? ஒடம்புக்கு இன்னா?"

"விரல் மடங்குதுடா."

"எப்பப் பாத்தாலுமா?"

"பியானோ வாசிக்கும்போது மட்டும்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப வாசிக்காம இருந்தா?"

"மடங்காது."

"அப்புறம் இன்னா மாமா? இதுக்கா பெட்டுல சேத்தீங்க? எனக்கு மண்வெட்டி புடிச்சா முதுகு வலிக்குது, நான் இன்னா ஆஸ்பத்திரிலயா படுத்துக்கினு இருக்கறேன்?"

வினோ சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தவர்கள் அத்தனை பேரும், திருநாவலூரிலிருந்து பஸ் மாறி வந்த என் சித்தப்பா உட்பட, கேட்டது இதே கேள்வி. வாசிக்காமல் இருந்தால் என்ன? முதலில் பொறுமையாக விளக்கினேன். பிறகு சுருக்கினேன். கடைசியில் "கழுத்து எலும்பு தேய்மானம்" என்று சொல்லிவிட்டேன். உடனே எல்லாருக்கும் திருப்தி. ஆளுக்கொரு தைலம் வந்து சேர்ந்தது. ஏழுமலை மட்டும் தினமும் தூக்குவாளியில் நாட்டுக்கோழிக் குழம்பு கொண்டுவந்தான். "ஜாஸ்தி காரம் போட வாணாம்னு சொல்லிட்டேன் பாப்பா, நெருப்பா எரிஞ்சா சொல்லு" என்று அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பான். அவனை என்ன சொல்லித் திட்டுவது?

நரம்பு டாக்டர் வெளியூர்க்காரர். சனிக்கிழமை மட்டும் வருவார். அதுவும் வந்தால்தான் வந்தார். காத்திருக்கும் கூடத்தில் சத்தம் அணைத்த டிவியில் யாரோ யாரையோ அறைந்துகொண்டிருந்தார்கள். டோக்கன் வரிசைப்படி கூப்பிடுகிறேன் என்ற பெண், தனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் முதலில் அனுப்பினாள். மதியச் சாப்பாட்டு நேரம் கடந்து எங்கள் முறை வந்தது.

டாக்டர் நல்லவர். ரிப்போர்ட்டுகளை எல்லாம் பார்த்தார். வினோவைச் சட்டைப் பொத்தான் போடச் சொன்னார், எழுதச் சொன்னார், விரல்களைக் கட்டைவிரலோடு தொடச் சொன்னார். எல்லாம் பூப்போலச் செய்தாள்.

"வாசிக்கும்போதுதானே? இந்த மேசைமேல வாசிச்சுக் காட்டுங்க."

மேசைமேல் வாசித்தாள். பத்து விரலும் ஓடின. ஒன்றும் மடங்கவில்லை.

"மேசையில வராது சார். விரலுக்குக் கீழ பியானோ கட்டை இருந்தாத்தான் வரும்" என்றாள்.

டாக்டர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப பியானோவில வாசிக்கிறதை வீடியோ எடுத்துட்டு அடுத்த வாரம் வாங்க. பாக்காம நான் ஒன்னும் சொல்ல முடியாது."

மாவட்டத் தலைநகரத்தில் பியானோவுக்கு எங்கே போவது? மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்யும் பெண் தன் சபையில் வாசிக்கும் மின்சாரக் கீபோர்டைக் கொண்டுவந்து தந்தாள். அதன் கட்டைகள் லேசானவை. அதிலும் விரல் மடங்கவில்லை. பக்கத்து அறைக்காரர் மட்டும் ஒரு சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஆக, மலைதான். வீட்டுக்கு அனுப்பியதும் ஒரு வாடகைக் கார் பிடித்து ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் மலருக்கு வாந்தி. பள்ளிக்கூடத்தில் மதர் எங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, பிரார்த்தனைக் கூடத்தைத் திறந்துவிட்டார். வினோ உட்கார்ந்தாள். நான் கைபேசியைப் பிடித்தேன்.

எவ்வளவு அழகாக வாசித்தாள்! ஜன்னலில் பிள்ளைகள் வந்து நின்றார்கள். மதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். இறங்கும்போது, ஒருவேளை தானாகவே சரியாகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை டாக்டர் வீடியோவை முழுக்கப் பார்த்தார்.

"நல்லாத்தானே வாசிக்கிறாங்க?" என்றார். "பெரிய கச்சேரி வருதுன்னு சொன்னீங்கல்ல? பதற்றமா இருக்கலாம். மனநல டாக்டர் ஒருத்தரைப் பாருங்க. வெக்கப்பட ஒன்னுமில்ல."

வெட்கம் எனக்கு இல்லை. ஆத்திரம்தான். கீழே கேன்டீனில் டீ வாங்கி உட்கார்ந்தோம். மலர் கைபேசியை வாங்கி அந்த வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். அவளுக்கு இசை தெரியாது. ஆனால் மகள் பக்கத்தில் பல வருஷம் உட்கார்ந்து பூக்கட்டியவள்.

"வினோ, இந்த எடத்துல எப்பவும் வலது கைதானே ஓடும்? இடது கை எதுக்குக் குறுக்க வந்துக்கினு இருக்குது?"

வினோ டீயைக் கீழே வைத்தாள்.

"விரல மாத்திட்டேம்மா."

"மாத்திட்டேன்னா?"

அப்போதுதான் சொன்னாள். எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று பியானோக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டாம். மேடையில் ஒரு விரல் சரியில்லை என்றால், பக்கத்து விரலையோ அடுத்த கையையோ வைத்துச் சமாளித்துக்கொண்டு போய்விடுவார்களாம். கேட்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியக் கூடாது. சின்ன வயதிலிருந்து பழக்கியதே அதைத்தான். மோதிர விரலும் சுண்டு விரலும் வரவேண்டிய இடத்தையெல்லாம் வேறு விரல்களுக்குக் கொடுத்து வாசித்திருக்கிறாள். டாக்டருக்குக் காட்ட எடுத்த வீடியோவில்!

"ஏம்மா, நோயக் காட்டத்தானே மலையேறுனோம்?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "காய்ச்சக்காரன் டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ஐஸ் தண்ணில குளிச்சிட்டுப் போவானா?"

"தெரியும்பா. வேணும்னு பண்ணல. ஜன்னல்ல பசங்க வந்து நின்னாங்க, மதர் நின்னாங்க. கை தானா மாத்திக்கிச்சு."

"எவ்ளோ நாளா இப்படி மாத்திக்கினு இருக்கற?" என்று மலர் கேட்டாள்.

"போன வருஷத்துலருந்து."

போன வருஷத்திலிருந்து அவள் வாசித்த கச்சேரிகள் அத்தனையும் அப்படித்தான். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பத்திரிகையில் பாராட்டிக்கூட எழுதினார்களாம். கேன்டீனில் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

"நாளைக்கே போறோம். விரல மாத்தாம வாசிக்கற. எடுத்தாறோம்."

"முடியாதுப்பா."

"ஏன்?"

"தப்பா வாசிக்கறத ரெக்கார்டு பண்ண வாணாம். அது யாராவது ஒருத்தர் கைக்குப் போனாலும் போதும். கை போச்சுன்னு சொல்லிடுவாங்க. அப்புறம் எவனும் கூப்புட மாட்டான். அந்த ஒரு நாற்காலிக்கு எத்தன பேர் நிக்கறாங்க தெரியுமா?"

"கூப்புட்டா மட்டும்? ரெண்டு விரல மடக்கிக்கினே கடைசி வரைக்கும் வாசிச்சுடுவியா?" என்றாள் மலர்.

வினோ டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு, எங்களைப் பார்க்காமலே சொன்னாள்.

"நடு விரலும் இப்ப லேசா ஆரம்பிச்சிருக்குது."

இதைக் கேட்டபின் நான் கத்தவில்லை.

மறுநாள் மலையில் பிரார்த்தனைக் கூடத்தின் ஜன்னல்களைச் சாத்தச் சொன்னாள். மதரை வெளியே நிற்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, மலர்தான் சொன்னாள். "நான் நிறுத்துன்னாலும் நிறுத்தாதீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தொடங்கினாள். கச்சேரிப் பாடம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் முதல் வருஷம் வாசிக்கும் சுர வரிசை. விரல்களை முறைப்படி வைத்து வாசித்தாள்.

சுரம் மேலே ஏறும்போது நடு விரல் கட்டையை அழுத்தியதும் மோதிர விரல் தானாக உள்ளே சுருண்டது. அதைத் தொடர்ந்து சுண்டு விரலும். இரண்டும் உள்ளங்கைக்குள் போய் ஒளிந்துகொண்டன. அவற்றை வெளியே இழுக்க மணிக்கட்டை வளைத்தாள். பக்கத்துக் கட்டை அழுந்தியது. மறுபடி வாசித்தாள். மறுபடி அதே இடம். கழுத்தெல்லாம் வியர்வை. "நிறுத்துங்கப்பா" என்றாள். நான் நிறுத்தவில்லை. மலர் என் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். இருபது வருஷத்தில் என் மகள் தப்பாக வாசித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வந்துச்சும்மா" என்றேன், என்னவோ பரீட்சை முடிவு வந்த மாதிரி.

அடுத்த சனிக்கிழமை டாக்டர் இந்த வீடியோவைப் பாதிகூடப் பார்க்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இது டிஸ்டோனியா. இதை ஏன் முதல்லயே காட்டல?"

பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். நோய் கையில் இல்லை. மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக ஒரு சிறு இடம் உண்டு. ஒரே வேலையைப் பல வருஷம், மிக நுணுக்கமாக, மிக வேகமாகச் செய்கிறவர்களில் சிலருக்கு அந்த இடங்களின் எல்லை கலைந்துவிடுகிறது. பக்கத்துப் பக்கத்து வயல்களுக்கு நடுவே வரப்பு கரைந்தால், ஒன்றுக்குப் பாய்ச்சும் தண்ணீர் மற்றதிலும் பாய்வது மாதிரி. நடுவிரலுக்குப் போகும் உத்தரவு மோதிர விரலுக்கும் போகிறது. அந்த வேலையைச் செய்யும்போது மட்டும்தான் இது தெரியும். ஸ்கேனில் தெரியாது, ஊசியில் தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மறைத்து வாசிக்க வாசிக்க மற்ற விரல்களுக்கும் பரவலாம். இறுகும் தசையைத் தளர்த்த ஊசி இருக்கிறது, தேவைப்பட்டால் பிறகு பார்க்கலாம். முதலில் செய்ய வேண்டியது, குழந்தை மாதிரி மெதுவாக, அதே விரலை வைத்து, அது தவறினாலும் மாற்றாமல் திரும்பப் பழகுவது. மாதங்கள் ஆகலாம், வருஷங்களும் ஆகலாம். பழையபடி ஆகும் என்று உறுதி சொல்ல முடியாது.

"டிசம்பர்ல ஒரு கச்சேரி இருக்குது சார்" என்றாள் வினோ.

"இந்த டிசம்பரா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

வராந்தாவுக்கு வந்ததும் இசைக்குழுவைக் கூப்பிடக் கைபேசியை எடுத்தாள். "கை சுளுக்குன்னு சொல்லிடும்மா, அடுத்த வருஷமாவது குடுப்பாங்க" என்றேன். தலையாட்டினாள். ஜெர்மனில் பேசினாள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடுவில் டிஸ்டோனியா என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. எதிர்முனையில் இருந்தவருக்குப் பிடிபடவில்லை போல. ஒவ்வொரு எழுத்தாக மறுபடி சொன்னாள். தடுக்கலாமா என்று ஒரு அடி எடுத்துவைத்தேன். மலர் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னா சொன்னாங்க?" என்று அவள்தான் கேட்டாள்.

"வேற ஆள போட்டுக்கறாங்களாம்."

"அப்புறம்?"

"அப்புறம்னு ஒன்னும் சொல்லலம்மா. நல்லபடியா இருன்னாங்க."

சொல்லிவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, சின்னப் பெண் மாதிரி அழுதாள். நாங்கள் வந்திருப்பது தெரிந்து கோழிக் குழம்போடு வந்த ஏழுமலை, என்ன ஏது என்று கேட்காமல் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

இப்போது வினோவும் மலரும் மலையில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். நான் வார இறுதியில் போகிறேன். வகுப்பு நடக்கும் நேரத்திலும் பியானோவைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மதர் சொல்லிவிட்டார். கேட்டது ஒன்றுதான்: காலைப் பிரார்த்தனைப் பாட்டுக்கு அவள் வாசிக்க வேண்டும். பிள்ளைகள் முன்னால், ஆசிரியைகள் முன்னால். இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாள்.

முதல் வாரம் நான் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன். அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது அடியில் மோதிர விரல் சுருண்டது. சுரம் விழவில்லை. பக்கத்து விரல் சும்மாதான் இருந்தது. அதை வைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவள் வைக்கவில்லை. கையைத் தூக்கி, விரலை நீட்டி, அதே விரலை மறுபடி வைத்தாள். பாட்டு முன்னால் போய்விட்டது. ஓர் ஆசிரியை திரும்பிப் பார்த்தார். எனக்கு ஓடிப்போய் பியானோ மூடியைச் சாத்திவிடலாம் போல இருந்தது.

போன வாரம் போனேன். அதே பாட்டு, அதே அடி. விரல் இன்னும் சுருளத்தான் செய்கிறது, கொஞ்சம் கம்மி என்று மலர் சொல்கிறாள், எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த இடம் வந்ததும் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக நிறுத்தினார்கள். ஒரு மூச்சு. அவள் விரலை நீட்டி வைத்ததும் எல்லாரும் சேர்ந்து எடுத்துக்கொண்டார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாட்டே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள் போல.

விரல் சரியான பிறகு இதுகளுக்கு முதலிலிருந்து சொல்லித்தர வேண்டுமே என்று மதர் அலுத்துக்கொள்கிறார். அலுத்துக்கொள்ளட்டும்.